கொக்கி இல்லாத சுவர்

அந்தக் கடைத்தெருவில் இப்போது ட்ராம் ஓடுகிறது. ஏறுகிற அவசரத்தில் யாரும் தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஒன்று தெரியும். ட்ராமுக்கு மின்சாரம் கொடுக்கிற கம்பியைத் தாங்க அங்கே கம்பங்களே கிடையாது. இரண்டு பக்கத்துக் கட்டடச் சுவர்களிலும் இரும்புக் கொக்கிகளைப் பதித்து, அவற்றுக்கு நடுவே தாங்கு கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பல் மருத்துவர் கட்டடத்தில் கொக்கி உண்டு, வங்கியில் உண்டு, தையல் மெஷின் கடையில் உண்டு. ஒரே ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் சுவர் மட்டும் மொட்டையாக இருக்கும். அதற்கு முன்னால் மட்டும் தாங்கு கம்பி கோணலாகப் போகும். அந்தக் கோணல் என் அக்கா போட்டது. அதைப் போடுவதற்காக இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதர்மேல் கறுவிக்கொண்டிருந்தாள். நானும்தான் கறுவினேன். எனக்கு அவ்வளவு படிப்பு ஏறவில்லை, அதனால் மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி கறுவினேன்.

எங்கள் அப்பாவுக்கு அடுத்த பெரிய தெருவில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை இருந்தது. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, முடிதிருத்தும் கடைக்கு, ஆள் உயரத்துக்கு என்று எது கேட்டாலும் அவரே அளந்து வெட்டிக் கொடுப்பார். கூட்டமில்லாத நேரத்தில் அக்காவும் நானும் கடையில் இருந்த அத்தனை கண்ணாடிகளிலும் பழிப்புக் காட்டி விளையாடுவோம். அம்மா கல்லாவில் இருந்தபடி, "முகம் அப்படியே நின்னுடப் போகுது" என்று திட்டுவாள். இதைவிடப் பெரிய கஷ்டம் எங்களுக்கு அப்போது இருந்ததில்லை.

முதல் ட்ராம் பாதை அந்தத் தெரு வழியாக வந்தது. காகிதத்தில் அதற்கு இலகு ரயில் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் இலகுவாக நடந்தது பெயர் வைத்தது ஒன்றுதான். தண்டவாளத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாய் இருக்கக் கூடாதாம், கேபிள் இருக்கக் கூடாதாம், சாக்கடை இருக்கக் கூடாதாம். என்றைக்காவது அவை பழுதானால் ட்ராமை நிறுத்தவேண்டி வருமாம். அதனால் தெருவின் வயிற்றைக் கீறி, உள்ளே இருந்த அத்தனையையும் எடுத்து ஓரமாக மாற்றினார்கள். ஒரு துறை தோண்டி மூடும். மண் காய்வதற்குள் அடுத்த துறை வந்து அதே இடத்தைத் தோண்டும். நாலு வருஷம் எங்கள் கடை வாசலில் குழிதான். குழிமேல் இரண்டு பலகை. மளிகைக்கடைக்கு அது போதும். பையைத் தூக்கிக்கொண்டு பலகைமேல் வந்துவிடலாம். ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் அந்தப் பலகைமேல் எப்படி நடப்பார்கள்?

ஒரு முறை முயன்று பார்த்தார்கள். நடன வகுப்பு ஒன்றுக்கு வெட்டிய பெரிய கண்ணாடி அது. முன்னால் போனவருக்குப் பலகை வழுக்கியது. அவர் தப்பித்தார், கண்ணாடி குழிக்குள் போனது. அப்பா தலையில் கை வைக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. தோல் கையுறையை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். குழாய் வேலை செய்கிறவர்களின் காலில் குத்திவிடும் என்று ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினார். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு வரவில்லை. அவளுக்கு அப்போது பதினாறு வயது.

அதற்குப் பிறகு அப்பா மனு கொடுத்தார். மனுவைப் பார்த்தோ பார்க்காமலோ, ஒருநாள் ட்ராம் வேலையின் தலைமைப் பொறியாளரே கடைக்குள் வந்தார். நல்ல உயரம், நல்ல சட்டை, நிறைய முடி. எங்கள் வீட்டில் அவருக்குக் குழியார் என்று பெயர். கடைசியில் வருகிற 'யார்' மட்டும்தான் மரியாதை, மிச்சமெல்லாம் ஏச்சுத்தான். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. விற்பனைக்கு வைத்திருந்த கண்ணாடி ஒன்றின் முன்னால் போய் நின்று, பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். அப்பா அவர் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"சார், வாசல்ல கொஞ்சம் அகலமா வழி விட்டீங்கன்னா போதும். என் சரக்கு பலகைமேல போகாது சார்."

"எனக்குப் புரியுதுங்க." சீப்பு நிற்கவில்லை. "ஆனா ஊர் முன்னேறணும்னா நாலு பேர் ஓரமா ஒதுங்கி நிக்கத்தான் வேணும்."

வாரி முடித்துவிட்டு, வகிடு நேராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். அக்கா ஒரு துணியை எடுத்து அவர் முகம் தெரிந்த அந்தக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். "போதும்மா, சுத்தமாயிடுச்சு" என்று அப்பா சொன்ன பிறகும் துடைத்தாள்.

கடை மூடியது. அப்பா ஊர்க்கோடியில் இன்னொருவருடைய பட்டறையில் கண்ணாடி வெட்டப் போனார். ட்ராம் வந்தது, ஊரே ஏறியது. அப்பா ஏறவில்லை. பட்டறைக்கு நடந்தே போவார், நடந்தே வருவார். கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லது" என்பார். பொய் சொல்ல அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அக்கா கட்டுமானப் பொறியியல் படித்தாள். எல்லாரும் கெட்டிக்காரப் பெண் என்றார்கள். அது கெட்டிக்காரத்தனம் இல்லை, வயிற்றெரிச்சல் என்று எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். படித்து முடித்ததும் ட்ராம் அலுவலகத்திலேயே, குழியாருக்குக் கீழேயே வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். "சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிற?" என்று நான் கத்தினேன்.

"தூர நின்னு திட்டினா அவருக்குக் கேக்காதுடி" என்றாள். "எங்க வெட்டினா வலிக்கும்னு தெரியணும்னா பக்கத்துல போகணும்."

பக்கத்தில் போனாள். நன்றாக உழைத்தாள். குழியாருக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கூட்டத்துக்குக் கூட்டம் தன் கையால் வளர்த்த பிள்ளை என்று சொல்லிக்கொள்வாராம். ஒருநாள் அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது அக்கா சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறாள், முதல் பாதை போட்டபோது அந்தத் தெருவில் ஒரு கண்ணாடிக் கடை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா என்று.

"கண்ணாடிக் கடையா? அப்படி ஒண்ணு இருந்துச்சா என்ன?" என்றாராம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பண்ணினது தப்புன்னு தெரிஞ்சும் பண்ணினார்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டு இருந்தேன். அந்த ஆளுக்கு ஞாபகமே இல்லடி" என்றாள். என் அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது.

பக்கத்தில் இருந்து அவள் கண்டுபிடித்தது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு பாதைக்கும் முன்னால் ஒரு கூட்டம் போடுவார்கள். எல்லாத் துறைக்காரர்களும் வருவார்கள். டீ வரும். தண்ணீர்த் துறைக்காரர் ஆரம்பிப்பார்: "தோண்டுறதோட தோண்டுறீங்க, எங்க பழைய குழாயையும் புதுசா மாத்திக் குடுத்துடுங்க." கேபிள்காரர், "தோண்டுறதோட எங்களுக்கும் ரெண்டு பாதை விட்டுடுங்க" என்பார். தெருவிளக்குக்காரர் புது விளக்கு கேட்பார், பூங்காக்காரர் மரம் கேட்பார், ஒருவர் நீரூற்று கேட்டாராம். எல்லாம் ட்ராம் செலவில். ஒருவர் கேட்பதற்கு மற்றவர் தலையாட்டுவார், தன் முறை வரும்போது மற்றவர்களும் தலையாட்ட வேண்டும் அல்லவா? குழியார் யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. எல்லாருக்கும் நல்லவர். கடைக்காரர்களுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. தோண்டுறதோட எங்கள் கடையையும் புதைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

குழியார் ஓய்வு பெற்றார். ஆனாலும் ஆலோசகர் என்ற பெயரில் வந்து போய்க்கொண்டிருந்தார். இரண்டாவது பாதை நகரத்தின் நடுவில் இந்தக் கடைத்தெரு வழியாக என்று முடிவானபோது அவர் போட்டுக் கொடுத்த மதிப்பீட்டைப் பார்த்து நகரமன்றத்துக்கு மயக்கம் வந்துவிட்டது. இவ்வளவு செலவென்றால் ட்ராமே வேண்டாம் என்றார்கள். அப்போது மதிப்பீட்டுப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தது அக்கா. பாதிச் செலவில் முடியும் என்று எழுதிக் கொடுத்தாள்.

துறைக்காரர்களின் கூட்டத்தை இந்த முறை அவள் நடத்தினாள். தண்ணீர்த் துறைக்காரர் வழக்கம்போலத் தொடங்கினார்.

"தோண்டுறதோட தோண்டுறீங்க..."

"தோண்டல சார்" என்றாள் அக்கா.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவள் சொன்னது இதுதான். முழங்கை ஆழத்துக்கு மேல் எங்கேயும் போகப்போவதில்லை. அந்த ஆழத்தில் காங்கிரீட் பலகை போட்டு அதன்மேல் தண்டவாளம். குழாயும் கேபிளும் அதற்குக் கீழே இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கம்பம் நட்டால் ஆழமாக அஸ்திவாரம் வேண்டும், அஸ்திவாரம் குழாயில் இடிக்கும், அதனால் கம்பமே வேண்டாம், சுவரில் கொக்கி போதும். நிறுத்தத்துக்கு மாளிகை வேண்டாம். ஒரு மேடை, ஒரு கூரை, உட்கார ஒரு பெஞ்சு.

"குழாய் உடைஞ்சா என்னம்மா பண்ணுவீங்க?"

"உடைஞ்ச அன்னைக்கு ட்ராம் அந்த இடத்துக்கு முன்னாடியே நின்னு திரும்பும். அந்தப் பக்கத்து வண்டி அந்தப் பக்கமே திரும்பும். ஜனங்க நடுவுல ஒரு தெரு தூரம் நடப்பாங்க. எப்பவோ ஒருநாள் நடக்கப் போறாங்கங்கறதுக்காக நாலு வருஷம் தெருவை மூடி வைக்கணுமா?"

"எங்க குழாய் ரொம்பப் பழசும்மா."

"அப்ப உங்க செலவுல மாத்துங்க சார். நாங்க எப்ப வேணாலும் வழி விடுறோம்."

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்கு வேண்டாம் மேடம் என்று பெயர். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "கல்யாணப் பேச்சு எடுத்தப்பவும் இதே பதில்தான்" என்றாள்.

கொக்கிக்குக் கட்டடத்துக்காரர்களின் சம்மதம் வேண்டும். விடுமுறை நாட்களில் நானும் அக்காவோடு ஒவ்வொரு கட்டடமாக ஏறினேன். வங்கி மேலாளர் சுவரில் விரிசல் விழுமா என்று கேட்டார். பல் மருத்துவர் எங்களை வாயைத் திறக்கவிடாமல், அவரே வாயைத் திறந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுச் சம்மதித்தார். தையல் மெஷின் கடைக்காரரின் மனைவி மட்டும், "அதுல துணி காயப்போடலாமா?" என்று கேட்டாள். போட்டால் துணியோடு சேர்ந்து நீங்களும் காய்ந்துவிடுவீர்கள் என்று அக்கா சொன்னதும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். "அதுக்கு முன்னாடி என் வாசல்ல தோண்டுவீங்களா, அதச் சொல்லு" என்றாள். தோண்டமாட்டோம் என்றதும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. முதல் பாதையின்போது நடந்தது அந்தத் தெருவுக்கே தெரியும்.

தையல் மெஷின் கடைக்கும் வங்கிக்கும் நடுவே அந்த மூன்று மாடிக் கட்டடம். கீழே கேக் கடை. கடையை நடத்துகிறவள் எங்கள் வயதுப் பெண். புருவத்தில்கூட மாவு ஒட்டியிருக்கும். "கட்டடம் எங்க அப்பாவோடது, அவர்கிட்டதான் கேக்கணும்" என்று விலாசம் கொடுத்தாள். விலாசத்தைப் பார்த்துவிட்டு அக்கா என்னிடம் நீட்டினாள். குழியாரின் வீடு.

குழியார் அவளை உட்காரவைத்து டீ கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் சுவர்ல ஆணி அடிக்க நான் விடறதா இல்லம்மா" என்றார். காரணம் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். கொக்கி இல்லையென்றால் அந்த இடத்தில், அவர் காலத்தில் அவரே போட்ட விதிப்படி, கம்பம் நட வேண்டும். கம்பத்துக்குக் குழி வேண்டும். பெரிய தண்ணீர்க் குழாய் வளைகிற இடம் சரியாக அந்த வாசல்தான், அதை மாற்ற வேண்டும். ஒரு குழி தோண்டினால் தோண்டுறதோட எல்லாரும் வந்துவிடுவார்கள். அக்காவின் திட்டம் அங்கேயே படுத்துவிடும். அவள் பாதிச் செலவில் முடித்துக் காட்டிவிட்டால், நாலு வருஷம் தோண்டிய இவருடைய பேர் என்ன ஆகும்? அதைத் தடுக்கத்தான் அந்தக் கை கையெழுத்துப் போட மறுத்தது. அந்தக் குழி தன் மகளுடைய கடை வாசலிலேயே விழும் என்பதும் அவருக்குத் தெரியும். அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து குதித்தேன்.

"தோண்டுக்கா! அவர் சொன்ன மாதிரியே தோண்டு! அவர் போட்ட விதி, அவர் போடாத கையெழுத்து, அவர் மக கடை. நாம எதுவுமே பண்ண வேண்டாம். ஆறு மாசம் பலகை போட்டு விடு. எப்படி இருக்குன்னு அனுபவிக்கட்டும்."

 அக்கா முகத்தில் ஆசை தெரிந்தது. மறைக்க மாட்டேன், என் முகத்தில் அதைவிட அதிகமாகத் தெரிந்திருக்கும். அப்பா உள்ளே காலைக் கழுவிக்கொண்டிருந்தார், பட்டறையிலிருந்து நடந்து வந்த கால். துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அந்தப் பொண்ணு என்ன கடை வெச்சிருக்கு?"

"கேக் கடைப்பா."

"பெரிய கேக்கெல்லாம் பண்ணுமா? அடுக்கு அடுக்கா?"

"பண்ணுவா போல."

"பலகைமேல எப்படித் தூக்கிட்டுப் போகும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாப்பிட உட்கார்ந்தார்.

அக்கா அந்த வாரம் முழுவதும் வரைந்துகொண்டே இருந்தாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தையல் மெஷின் கடைச் சுவரிலிருந்து ஒரு கனமான தாங்கு கம்பி, வங்கிச் சுவரிலிருந்து இன்னொன்று. இரண்டும் கோணலாக வந்து தெருவுக்கு நடுவே மேலே சேர்கின்றன. ட்ராமுக்கு மின்சாரம் கொடுக்கிற கம்பியை அந்த இரண்டும் தாங்கும். நடுவில் இருக்கிற சுவர் வேண்டவே வேண்டாம். பாரம் கூடுமே என்று இரண்டு கட்டடத்துக்காரர்களிடமும் மறுபடி போய்ப் பேசி, சம்மதமும் வாங்கிவிட்டாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்ப அவரைச் சும்மா விடப் போறியா?"

"சும்மாவா?" அக்கா காகிதத்தைச் சுருட்டினாள். "இதை யாருக்கும் சொல்லாத. முதல்ல அவர் பேசட்டும்."

நகரமன்றம் முடிவெடுக்கும் முன் பொதுக்கூட்டம் ஒன்று நடக்கும். தெருவில் இருக்கும் எல்லாக் கடைக்காரர்களுக்கும் அழைப்புப் போக வேண்டும் என்பது விதி. மற்ற அழைப்புகளை அக்கா தபாலில் அனுப்பினாள். கேக் கடைக்கு மட்டும் தானே கொண்டுபோய்க் கையில் கொடுத்து, "கண்டிப்பா வாங்க, உங்க வாசலைப் பத்தியும் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். என் அக்காவைப் பற்றி நல்ல விதமாக மட்டுமே எழுத வேண்டும் என்றால் இதை விட்டுவிட வேண்டும். விடப்போவதில்லை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம்.

கூடம் நிறைந்திருந்தது. குழியார் முதல் வரிசையில் இருந்தார். அவர் மகள் அடுப்பை அணைத்துவிட்டு நேராக வந்ததால் தாமதமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பேச எழுந்தபோது முடி அன்றைக்கும் படிந்துதான் இருந்தது, நிறம் மட்டும் வெளுத்திருந்தது.

"அனுபவத்துல சொல்றேன், மேலோட்டமாப் போடுறது எதுவும் நிக்காது. ஒரு கட்டடத்துல கொக்கிக்குச் சம்மதம் கிடைக்கலன்னு கேள்விப்பட்டேன்." யாருடைய கட்டடம் என்று சொல்லவில்லை. "அங்க கம்பம் நட்டே ஆகணும். நடணும்னா தோண்டணும். ஒரு இடத்துல தோண்டுறதுன்னு ஆயிடுச்சுன்னா, முழுசா ஒழுங்காத் தோண்டிடுறதுதான் புத்திசாலித்தனம்."

நகரமன்ற உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேயரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்து, மாணவி மாதிரிப் பணிவாகக் கேட்டாள்.

"சார், அந்தக் குழி எவ்வளவு நாள் திறந்திருக்கும்?"

"ஒரு ஆறு மாசம் ஆகலாம்."

"அந்தக் கட்டடத்துல கீழ ஒரு கடை இருக்கு சார். அவங்க வாசல்?"

"பலகை போட்டுக் குடுப்போம். எப்பவும் பண்றதுதானே?"

"சில சரக்கு பலகைமேல போகாது சார். அவங்க என்ன பண்ணணும்?"

அவர் சிரித்தார். இந்தக் கேள்விக்கு எப்போதும் வைத்திருக்கும் பதில் தானாக வந்தது. "ஊர் முன்னேறணும்னா நாலு பேர் ஓரமா ஒதுங்கி நிக்கத்தான் வேணும்."

எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. ஒரு எழுத்து மாறவில்லை.

"நன்றி சார்" என்றாள் அக்கா. "அந்தக் கடைக்காரங்க வந்திருக்காங்க. அவங்களும் ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்."

கடைசி வரிசையில் அவர் மகள் எழுந்தாள். அவர் திரும்பிப் பார்த்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"சம்மதம் தராதது நீங்களாப்பா?"

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கு மூணு அடுக்குக் கேக் ஒண்ணு போகணும். அதைப் பலகைமேல யார் தூக்குவாங்க? நீங்க தூக்குவீங்களா?"

கூடம் சிரித்தது. கொல்லென்ற சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை, அவள் குரல் உடைந்திருந்தது. அக்கா அந்தச் சிரிப்பு முழுசாக அடங்கும்வரை காத்திருந்தாள். அவசரமே படவில்லை. பிறகுதான் சுருளை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"தாங்கு கம்பி ரெண்டு பக்கத்துக் கட்டடத்துல இருந்து வருது. அவங்க சம்மதமும் வாங்கியாச்சு. குழி வேண்டாம். சாரோட சுவர் நமக்குத் தேவையே இல்ல."

கைகளைத் தூக்கி வாக்களித்தார்கள். திட்டம் நிறைவேறியது. வெளியே நடையில் குழியார் அக்காவை நிறுத்தினார்.

"இதை முன்னாடியே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம் சார்."

"நான் உனக்கு என்னம்மா கெடுதல் பண்ணினேன்?"

"முதல் பாதையில ஒரு கண்ணாடிக் கடை இருந்துச்சு சார். அது எங்க அப்பாவோடது."

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், நெற்றியெல்லாம் சுருங்கியது. "எந்தக் கடை?" என்றார்.

பின்னால் அவர் மகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள். ஜெயித்தவள் முகமா அது? "அந்த மண்டைக்குள்ள நாம இல்லவே இல்லடி" என்றாள். "அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" ஒருவர் பேரைக் கெடுக்கலாம், திட்டத்தைக் கெடுக்கலாம். மறந்துபோனதை எப்படி ஞாபகப்படுத்துவது? அதற்கு ஒரு பொறியியலும் அவளிடம் இல்லை.

தெருவில் வேலை தொடங்கியது. சில கடை அகலத்துக்குத் தார் எடுப்பார்கள், காங்கிரீட் வார்ப்பார்கள், இறுகியதும் அடுத்த துண்டுக்குப் போவார்கள். எந்த வாசலும் மூடவில்லை. அந்த நாட்களில்தான் கேக் கடைக்காரி எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். கையில் ஒரு கேக் டப்பா. நான் அவளை வாசலிலேயே நிற்கவைத்தேன், குழியார் மகள்தானே என்று. அவளுக்குக் கோபம் வரவில்லை.

"எங்க அப்பா தினமும் கடைக்கு வர்றார்" என்றாள். "ஒரு மூலையில நாற்காலி போட்டு உக்காந்துக்கறார். நான் பேசறதில்ல. அந்த நாற்காலிக்கு எதிர்ச் சுவர் முழுசும் கண்ணாடி போடணும். உங்க அப்பாதான் வெட்டணும். கொண்டு வந்து மாட்டவும் அவரே வரணும்."

அக்கா உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு அப்போது விளங்கியது, கறுவுகிறதில் எங்களுக்கு ஒரு கூட்டாளி சேர்ந்துவிட்டாள். நான் கேக் டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

கண்ணாடி தயாரானது. பட்டறை வண்டி தெருவின் எதிர்ப்பக்கத்தில்தான் நிற்க முடிந்தது, தண்டவாளம் அப்போதுதான் பதித்திருந்தார்கள். அப்பா தோல் கையுறை மாட்டி முன்பக்கம் பிடித்தார், பட்டறை ஆள் ஒருவர் பின்பக்கம். அக்கா தலைக்கவசத்தோடு நடுத்தெருவில் நின்று கையைக் காட்டினாள். கலவை இயந்திரம் நின்றது, தொழிலாளிகள் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தார்கள். தையல் மெஷின் கடைக்காரரும் மனைவியும் வாசலுக்கு வந்தார்கள். எங்கள் பழைய நடன வகுப்புக் கண்ணாடியைவிடப் பெரிது. அது மெதுவாகச் சமதரையில், புதுக் காங்கிரீட்மேல் நடந்து வந்தது. நடுவில் ஒரு பள்ளமும் இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

சத்தம் நின்றுவிட்டதே என்று குழியார் கடைக்குள்ளிருந்து எழுந்து வந்து வாசல்படியில் நின்றார். வருகிற கண்ணாடியில் முதலில் தெரு தெரிந்தது, பிறகு கடை, பிறகு அவர். பழக்க தோஷம், கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ச் சீப்பை எடுத்தது. பாதி உயர்த்திய கை அங்கேயே நின்றது. கண்ணாடியின் விளிம்புக்கு மேலே அப்பாவின் முகம் தெரிந்தது. குழியார் அந்த முகத்தையும், தன் முகத்தையும், கையில் இருந்த சீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். 

அப்பா நிற்கவில்லை. கனமான சரக்கு, நடுவில் நிற்க முடியாது. வியாபாரக் குரலில், மரியாதையாகவே சொன்னார்:

"சார், கொஞ்சம் ஓரமா ஒதுங்கி நில்லுங்க. கண்ணாடி வருது."